வம்சத்தில் யாருக்கு இருந்தது?

சொந்தத்தில் திருமணம் செய்தால் பிள்ளைகளுக்குப் பரம்பரை நரம்பு நோய் வருமா என்பது பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய நான்கு வரிப் பதிலுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியர் குழுவே எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பாதிக்கு மேல் மருத்துவக் கேள்வியே இல்லை. “இது யார் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது?” என்ற பஞ்சாயத்துதான். நரம்பியல் டாக்டராக இத்தனை வருடத்தில் அந்தப் பஞ்சாயத்தும் எனக்குப் பழகிவிட்டது, அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். பெயர்களை நீக்கிவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 29 வயது. சின்ன வயதிலிருந்தே ஓடினால் தடுக்கி விழுவேன். இப்போது நடக்கும்போது ரப்பர் செருப்பு தானாகக் கழன்றுவிடுகிறது. கழன்றதுகூடத் தெரிவதில்லை. கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்ட் எடுத்துவிட்டு ‘சார்கோ-மேரி-டூத்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அம்மாவுக்கு இப்படி எதுவும் கிடையாது. திருமணமாகி ஒரு வருடம் ஆகிறது. “நோய் இருப்பதை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள்” என்று மாமியார் வீட்டில் பேச்சு. எனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் வருமா? (வாசகி, சிவகாசி)

பதில்: பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் அம்மா. அது மூன்று டாக்டர்களின் பெயர். பாரிஸில் சார்கோவும் பியேர் மேரியும், இங்கிலாந்தில் டூத் என்பவரும் 1886-இல் கைகால் நரம்பைப் பாதிக்கும் இந்தப் பரம்பரை நோயை விவரித்து எழுதினார்கள். கேள்விப்படாத நோய் என்றுதான் வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சுமார் 2,500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் ஒரு மாலை நேரக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

இதில் பல வகைகள் உண்டு. அதிகம் காணப்படுவது ‘1ஏ’ என்ற வகை. நம் எல்லோருக்கும் 17-ஆவது குரோமோசோமில் பிஎம்பி22 என்று ஒரு மரபணு இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, ஆக இரண்டு பிரதிகள். 1ஏ உள்ளவர்களுக்கு ஒரு பக்கத்தில் அது இரட்டித்துப் போய் மொத்தம் மூன்றாகிவிடுகிறது. அவ்வளவுதான் கோளாறு. குறையவில்லை, கூடிவிட்டது. 1991-இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மரபணு தயாரிக்கும் புரதம் நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் உறைக்கானது. அது அளவுக்கு மீறினால் உறை சரியாக நிற்காது, சிதைந்து சிதைந்து வளரும். நல்ல நரம்பில் செய்தி கையில் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடும். 1ஏ உள்ளவர்களுக்கு 38-க்குக் கீழே, பெரும்பாலும் 20-க்குப் பக்கத்தில் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த எண் இருக்கும், எடுத்துப் பாருங்கள். நீளமான நரம்புதான் முதலில் அடிபடும் என்பதால் பாதத்தில் ஆரம்பித்து, அப்புறம் கைக்கு வரும்.

இனி “அப்பா அம்மாவுக்கு எதுவும் இல்லை” என்ற விஷயம். இதை நான் அப்படியே நம்புவதில்லை. பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. பல வீடுகளில் இது நோய் என்றே யாருக்கும் தெரியாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தான். அப்பாவைக் கேட்டேன், “எனக்கு ஒன்றும் கிடையாது” என்றார். கூட வந்த தாத்தா பெஞ்சில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே கெண்டைச் சதையே இல்லை. பாதத்தின் நடுப்பகுதி மேலே வளைந்து, விரல்கள் சுருண்டு தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. “தாத்தா, உங்கள் காலைப் பார்க்கலாமா?” என்றேன். “இதில் என்ன இருக்கும்மா? எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் கொக்குக்கால்தான். ஊரில் எங்களைக் கொக்குக்கால் வீடுன்னுதான் சொல்வாங்க” என்றார் சிரித்துக்கொண்டே. எழுபது வயது வரை உழுதவர். அப்புறம் அப்பாவைப் படுக்கவைத்துச் சுத்தியலால் கணுக்காலில் தட்டிப் பார்த்தால் அனிச்சை அசைவே இல்லை. கரண்ட் டெஸ்டில் வேகம் 22. அவரும் நோயாளிதான். அது அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே உங்கள் பெற்றோர் இருவரையும் குதிகாலால் மட்டும் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். நனைந்த காலோடு காய்ந்த சிமென்ட் தரையில் நிற்கச் சொல்லி ஈரத் தடத்தைப் பாருங்கள். முன்பாதமும் குதிகாலும் பதிந்து, நடுவில் எதுவுமே பதியாமல் இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. சோதனைக்குப் போக ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்குமே இல்லை என்று சோதனையில் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. சிலருக்கு அந்த இரட்டிப்பு புதிதாக அவர்களிடமிருந்தே ஆரம்பிக்கிறது. அப்படிப் புதிதாக உண்டாவது பெரும்பாலும் தகப்பனின் விந்தணு உருவாகும்போதுதான். அவர் செய்த தவறால் இல்லை, செல் பிரியும்போது நடக்கும் பிசகு. யாரும் மறைக்கவும் இல்லை, மறைக்க அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை. இந்தப் பத்தியை மாமியாரிடம் நீட்டுங்கள்.

குழந்தைக்கு வருமா என்றால், 1ஏ-யாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களிடம் ஒரு நல்ல பிரதியும் ஒரு இரட்டித்த பிரதியும் இருக்கின்றன. எதைக் கொடுப்பீர்கள் என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான். ஆண் பெண் என்ற பேதம் இல்லை. “மூத்ததுக்கு வந்துவிட்டது, இளையது தப்பித்துவிடும்” என்று பேசுகிறவர்களிடம் சொல்லுங்கள்: ஒவ்வொரு தடவையும் காசைப் புதிதாகத்தான் சுண்டுகிறோம், முன்னால் விழுந்தது அதற்கு ஞாபகம் இருக்காது. வந்தாலும் எவ்வளவு கடுமையாக வரும் என்று சொல்ல முடியாது. அந்தத் தாத்தா ஏர் பிடித்தார், பேரன் இருபது வயதில் தடுமாறினான். இரண்டு பேருக்கும் ஒரே மரபணுக் கோளாறு.

மரபணு டெஸ்டுக்குப் போகும்போது ஒன்று கவனியுங்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒன்றாகப் படிக்கும் ‘எக்ஸோம்’ என்ற பெரிய டெஸ்டுக்கு முதலிலேயே எழுதிவிடுகிறார்கள். இந்த இரட்டிப்பை அது சில சமயம் தவறவிடும். முதலில் பிஎம்பி22-க்கு, எத்தனை பிரதி என்று எண்ணிப் பார்க்கும் எம்எல்பிஏ என்ற டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். செலவும் குறைவு.

இதைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் ஆயுளைப் பொதுவாக இது குறைப்பதில்லை. கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளிண்ட் ஒன்று அளவெடுத்துப் போட்டுக்கொண்டால் தடுக்கி விழுவது பெருமளவு நின்றுவிடும். பட்டை வைத்த செருப்புக்கு மாறுங்கள். சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் இரட்டை அடி. ‘நரம்புக்கு நல்லது’ என்று பி6 வைட்டமின் மாத்திரையை நீங்களாக வருடக்கணக்கில் விழுங்காதீர்கள், அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். என்றைக்காவது குடும்பத்தில் இந்நோய் உள்ள யாருக்காவது புற்றுநோய் சிகிச்சை தேவைப்பட்டால் இந்த நோய் இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வின்கிரிஸ்டின் என்ற மருந்து இவர்களுக்குக் கைகாலை மோசமாகப் பாதித்துவிடும்.

கேள்வி: என் அண்ணனுக்கு இரண்டு கை விரல்களும் மடங்கி, பாதம் தொங்கிவிட்டது. முழங்கைப் பக்கம் நரம்பு தடித்திருக்கிறது என்று தொழுநோய் மருந்து ஒரு வருடம் சாப்பிட்டார். குணமில்லை. ஊரில் அவரைத் தனியாக வைத்துவிட்டார்கள். (வாசகர், விழுப்புரம்)

பதில்: நரம்பு தடிப்பது தொழுநோயிலும் உண்டு, மேலே சொன்ன பரம்பரை நோயிலும் உண்டு. தொழுநோய் என்றால் பெரும்பாலும் உணர்ச்சியில்லாத தேமல் எங்காவது இருக்கும். வலது பக்கம் ஒரு மாதிரி, இடது பக்கம் ஒரு மாதிரி என்று சமமில்லாமல் இருக்கும். பரம்பரை நோய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சின்ன வயதிலிருந்தே மெதுவாக வரும். அண்ணனுக்குத் தேமல் ஒன்றும் இல்லை, இரண்டு கையும் ஒரே அளவு பாதிப்பு என்றால் நரம்பியல் பிரிவில் ஒரு தடவை காட்டுங்கள். உங்கள் பாதத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். இன்னொன்று, தொழுநோயாகவே இருந்தாலும் மருந்து சாப்பிட ஆரம்பித்தவரிடமிருந்து அது யாருக்கும் பரவாது. அவரைத் தனியாக வைத்ததற்கு எந்த நோயும் காரணமில்லை.

கேள்வி: எங்கள் முதல் பெண் குழந்தை எட்டு மாதத்தில் இறந்துவிட்டாள். கழுத்தே நிற்கவில்லை. ‘எஸ்எம்ஏ டைப் 1’ என்று மரபணு ரிப்போர்ட் வந்தது. என் கணவர் எனக்கு அத்தை மகன். இப்போது ஏழு வாரம் கர்ப்பம். இரண்டு பேரும் நன்றாகத்தானே இருக்கிறோம், எங்களிடமிருந்து எப்படி வந்திருக்கும்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் கடிதத்துக்கு அஞ்சலிலேயே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், பத்திரிகை வரும் வரை காத்திருக்கும் விஷயமில்லை இது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எஸ்எம்ஏ என்பது தண்டுவட நரம்பு செல்கள் செத்து, தசைகள் வலுவிழந்து போகும் பரம்பரை நோய்.

முதலில் செய்ய வேண்டியது: இறந்த குழந்தையின் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் இந்த வாரமே மரபியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய் இருவரும் ரத்தம் கொடுங்கள். கர்ப்பத்தின் 11-இலிருந்து 13-ஆவது வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்து, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். அதைத் தவறவிட்டால் 16-ஆவது வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில் பார்க்கலாம். “ஸ்கேன் சட்டம் இருக்கிறதே, கர்ப்பத்தில் மரபணு டெஸ்ட் செய்தால் போலீஸ் வருமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான். இது போன்ற நோய்களுக்குப் பதிவு பெற்ற மையத்தில் டெஸ்ட் செய்ய அதே சட்டம் அனுமதிக்கிறது. முடிவு தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதை நீங்களும் உங்கள் கணவரும் தீர்மானியுங்கள். அத்தைக்கோ மாமாவுக்கோ அதில் ஓட்டு கிடையாது.

அடுத்தது உங்கள் கேள்வி. இந்த நோய்க்குக் காரணமான எஸ்எம்என்1 மரபணு 5-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பு செல்கள் உயிரோடு இருக்க அது வேண்டும். ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதும். உங்களுக்கு ஒன்று நன்றாக இருக்கிறது, ஒன்று இல்லை. அவருக்கும் அதே. அதனால் இரண்டு பேரும் ஓடியாடிக்கொண்டிருக்கிறீர்கள். குழந்தைக்கு இரண்டு பேருமே இல்லாததைக் கொடுத்துவிட்டால் நோய். அதற்கான வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று. நாலில் இரண்டு வாய்ப்பு, உங்களைப் போலவே நோயில்லாமல் சுமந்துகொண்டிருக்க. மீதி ஒன்று, இரண்டு பிரதியும் நன்றாக இருந்து கோளாறே இல்லாமல் பிறக்க.

அத்தை மகனைக் கட்டியதால்தான் வந்ததா? இதில் நான் கொஞ்சம் முரண்படுகிறேன். தமிழ்நாட்டில் நாலு திருமணத்தில் ஒன்றுக்கும் மேல் இன்னும் சொந்தத்தில்தான் நடக்கிறது என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் அதையே காரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எஸ்எம்ஏ-யைச் சுமப்பவர்கள் உலகத்தில் பல இடங்களில் ஏறக்குறைய 40 முதல் 60 பேருக்கு ஒருவர் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் கட்டிக்கொண்டாலும் வரும், வந்துகொண்டும் இருக்கிறது. சொந்தத் திருமணம் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது, அது உண்மை. ஆயிரத்தில் ஒருவர்கூடச் சுமக்காத மிக அபூர்வமான நோய்களில்தான் அதன் கொடுமை முழுதாகத் தெரியும். ஏனென்றால் அங்கே சுமக்கிற இரண்டு பேர் சொந்தத்துக்கு வெளியில் சந்திப்பது மிக அபூர்வம். பெரும்பாலும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து இரண்டு பக்கமும் இறங்கி வந்தால்தான் உண்டு.

மருந்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2016-இல் நுசினெர்சென் என்ற தண்டுவட ஊசி, 2019-இல் மரபணுவையே உடம்புக்குள் செலுத்தும் சோல்ஜென்ஸ்மா, 2020-இல் வாயால் குடிக்கும் ரிஸ்டிப்லாம். செல்போனில் “16 கோடி ரூபாய் ஊசி, குழந்தையைக் காப்பாற்றுங்கள்” என்று வருகிறதே, அது நடுவில் சொன்னது. மூன்றும் நரம்பு செல் சாவதற்கு முன் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும், போன செல்லைத் திரும்பக் கொண்டுவராது. மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் உதவித்தொகை 50 லட்சம் வரை கிடைக்கும். 16 கோடிக்கு முன்னால் அது எந்த மூலைக்கு!

கேள்வி: மூத்த மகனுக்கு எஸ்எம்ஏ, சக்கர நாற்காலியில் இருக்கிறான். மகளுக்கு 22 வயது, நல்ல ஆரோக்கியம். என் தம்பிக்கே அவளைக் கொடுக்கலாம் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறார். “நம்ம வீட்டுக் கஷ்டம் தெரிந்தவன், பேச்சு வராது” என்கிறார். (வாசகி, மணப்பாறை)

பதில்: உங்கள் அம்மாவின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஊனமுற்ற அண்ணன் இருக்கிற வீட்டில் பெண் எடுக்க வெளியில் யோசிப்பார்கள் என்ற பயம்தான் இதில் பாதி. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மகள் ஆரோக்கியமாக இருக்கிறாள், அதனால் நோயுள்ள அந்த ஒரு பங்கைத் தள்ளிவிடலாம். மீதி மூன்றில் இரண்டு பங்கு, அவள் சுமப்பவளாக இருக்க வாய்ப்பு. நீங்கள் நிச்சயம் சுமப்பவர், ஆக உங்கள் அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது. உங்கள் தம்பிக்கு அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு. இரண்டு பேரும் சுமந்தால் குழந்தைக்கு நாலில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 12-இல் 1. வெளியில், 50 பேரில் ஒருவர் சுமக்கிறார் என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால் 300-இல் 1. தம்பி வேண்டாம், உங்கள் கூடப்பிறந்த அண்ணனின் மகன் இருக்கிறான் என்று அடுத்த யோசனை வரும். அது 24-இல் 1.

இந்தக் கணக்கெல்லாம் டெஸ்ட் எடுக்காத வரைதான். மகளுக்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அவள் சுமக்கவில்லை என்று வந்தால் இந்த நோயைப் பொறுத்தவரை யாரைக் கட்டினாலும் கவலை மிகக் குறைவு. சுமக்கிறாள் என்றால் வரப்போகிறவருக்கு ஒரு டெஸ்ட். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. கடிதத்தில் அம்மா என்ன நினைக்கிறார், தம்பி என்ன நினைக்கிறார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே?

கேள்வி: ஒரே ரத்த குரூப் உள்ளவர்கள் திருமணம் செய்தால் பிள்ளைகளுக்கு நரம்பு நோய் வருமா? (வாசகர், சேலம்)

பதில்: வராது. ரத்த குரூப்புக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவ டாக்டரிடம் சொல்லுங்கள், அது வேறு கதை, அதற்கு ஊசி இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 52 வயது. மூன்று வருடமாகக் கைகால் தானாக ஆடுகிறது, கோபம் தாங்க முடியவில்லை, வேலையை விட்டுவிட்டார். மரபணு டெஸ்டில் ‘ஹன்டிங்டன், 44’ என்று வந்தது. எனக்கு 27, தங்கைக்கு 23. அவளுக்கு வரன் பார்க்கிறோம். காய்ச்சலுக்கு ரத்தம் எடுப்பதுபோல அவளுக்கே தெரியாமல் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கூடாது தம்பி. யாராவது லேப்காரர் ஒத்துக்கொண்டாலும் கூடாது.

இந்த நோயை 1872-இல் தெளிவாக எழுதியவர் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற அமெரிக்க டாக்டர். அப்போது அவருக்கு வயது 22-தான். அவருடைய அப்பாவும் தாத்தாவும் லாங் ஐலேண்டில் அதே ஊரில் டாக்டர்கள். அவர்கள் பார்த்த குடும்பங்களையே இவரும் பார்த்தார். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக இறங்குவது அவர் கண்ணில் பட்டது. ஒரு பிள்ளை இந்நோய் இல்லாமல் வாழ்ந்து முடித்துவிட்டால் அந்த வழியில் பேரப் பிள்ளைகளுக்கு வராது என்பதையும் அவரே எழுதிவிட்டார். பரம்பரை பற்றிய மெண்டலின் விதிகளை உலகம் கவனித்தது அதற்கு அப்புறம்தான்.

44 என்பது மரபணுவில் ஒரே மூன்றெழுத்து எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்ற எண்ணிக்கை. 40 அல்லது அதற்கு மேல் போனால் சராசரி ஆயுள் இருந்தால் நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். உங்களுக்குப் பாதி வாய்ப்பு, தங்கைக்குப் பாதி வாய்ப்பு. அப்பா வழியாக இறங்கும்போது அந்த எண்ணிக்கை சில சமயம் கூடிவிடுகிறது, அப்படிக் கூடினால் பிள்ளைக்கு அப்பாவைவிட இளவயதிலேயே தொடங்கும்.

நோயைத் தடுக்கும் மருந்து இன்று இல்லை. அப்படியிருக்க, எனக்கு வருமா வராதா என்று தெரிந்துகொள்வது பெரிய பாரம். வெனிசுலாவின் மராகைபோ ஏரிக்கரையில் ஊர் ஊராக இந்த நோய் இருக்கிறது. அங்கே வருடா வருடம் போய் ரத்தம் சேகரித்து, 1983-இல் அந்த மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டும் அடையாளமும் 1993-இல் மரபணுவும் கண்டுபிடிக்கப்படக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய அம்மாவுக்கும் இதே நோய். டெஸ்ட் வரக் காரணமாக இருந்த அவரே, தான் டெஸ்ட் எடுத்தாரா இல்லையா என்று பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கும் அந்த நோய் இருப்பதை 2020-இல்தான் வெளியில் சொன்னார். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை இருக்கிறது.

தங்கையிடம் அப்பாவின் நோய் என்ன என்பதை முழுதாகச் சொல்லுங்கள். அதை மறைக்க உங்களுக்கு உரிமையில்லை. டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. எடுப்பதாக இருந்தால் மரபியல் ஆலோசகருடன் பேசி, யோசித்து, அப்புறம்தான். வரனிடம் என்ன சொல்வது என்று கேட்டால், அப்பாவுக்கு இருக்கும் நோயைச் சொல்லிவிடுங்கள் என்பேன். கல்யாணத்துக்கு அப்புறம் பக்கத்து வீட்டார் மூலம் தெரிவதைவிட அது நல்லது. உங்களைப் பற்றி நீங்கள் எதுவுமே கேட்கவில்லை. உங்களுக்கும் அதே பாதி வாய்ப்பு. ஆலோசகரைப் பார்க்கத் தங்கையோடு நீங்களும் போங்கள்.

கேள்வி: என் இரண்டு தாய்மாமன்களுக்கும் இருபத்தைந்து வயதுக்குள் வலியே இல்லாமல் இரண்டு கண்ணும் அடுத்தடுத்து மங்கிவிட்டன. ‘லீபர்’ நரம்பு நோய் என்றார்கள். எனக்கு இப்போது 26, கண் நன்றாகத் தெரிகிறது. நான் திருமணம் செய்துகொண்டால் என் பிள்ளைகளுக்கு வருமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வராது. தைரியமாகச் செய்துகொள்ளுங்கள். இது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைப் பாதிக்கிற நோய். இதன் கோளாறு குரோமோசோமில் இல்லை, செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. அது அம்மாவின் கருமுட்டையிலிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும், அப்பாவிடமிருந்து இறங்குவதில்லை. ஆகவே உங்கள் மாமன்களின் பிள்ளைகளுக்கும் கவலை இல்லை. உங்கள் அக்கா தங்கையின் பிள்ளைகளுக்குத்தான் இது போகக்கூடும். கோளாறு இருக்கிற எல்லோருக்கும் பார்வை போய்விடாது, போவது ஆண்களுக்கே அதிகம். உங்கள் உடம்பிலும் அது இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், குடியும் வேண்டாம். அவை இரண்டும் இந்த நோயைத் தூண்டிவிடும்.

அப்பாவிடமிருந்து மகள்களுக்கு மட்டும் இறங்கும் வகையும் உண்டு, இதே வாரம் அதைக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. சார்கோ-மேரி-டூத்திலேயே எக்ஸ் குரோமோசோமில் இருக்கிற வகை அது. அப்பா தன் எக்ஸை எல்லா மகள்களுக்கும் கொடுக்கிறார், மகன்களுக்குக் கொடுப்பது ஒய். அதனால் மகள்கள் எல்லோருக்கும் போகும், மகன் ஒருவனுக்கும் போகாது. மகளுக்குப் பெரும்பாலும் லேசாகவே இருக்கும், அவளுடைய மகனுக்குத்தான் வேகமாகத் தெரியும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இருந்து நடுவில் அம்மா நன்றாக இருக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.

கேள்வி: மாதம் ஒரு முறை எங்கள் ஊர் லாட்ஜில் வந்து தங்கும் ஒரு வைத்தியர், பரம்பரை நரம்பு நோயை மூன்று மண்டலத்தில் வேரோடு எடுப்பதாகச் சொல்கிறார். பஸ்பம் கொடுக்கிறார். சாப்பிடலாமா? (வாசகர், தர்மபுரி)

பதில்: வேண்டாம். மரபணுவைப் பஸ்பத்தால் எடுக்க முடியாது. முறைப்படி படித்த சித்த மருத்துவர்களைச் சொல்லவில்லை, பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட பொட்டலத்தில் ஈயம் இருந்தால் அதுவே மணிக்கட்டைத் தொங்கவைக்கும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மீதியைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

கேள்வி: தம்பிக்கு 17 வயது. பேச்சு குழறி, கை நடுங்கி, கையெழுத்தே மாறிவிட்டது. வில்சன் நோய், உடம்பில் தாமிரம் சேர்கிறது என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். “பரம்பரை நோய்க்கு மாத்திரை எதற்கு, எப்படியும் குணமாகாது” என்று அப்பா நிறுத்திவிடப் பார்க்கிறார். எனக்கும் தங்கைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. (வாசகி, காரைக்குடி)

பதில்: அப்பாவை இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சத்தமாக நீங்களே படித்துக் காட்டுங்கள். பரம்பரை நோய் என்றாலே மருந்து கிடையாது என்று யார் சொன்னது? மரபணுக் கோளாறால் வந்தும், மாத்திரையால் நன்றாகக் கட்டுக்குள் வரும் நோய்களில் வில்சன் முக்கியமானது. கின்னியர் வில்சன் 1912-இல் இதை எழுதியபோது வந்தவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். இன்றைக்கு பெனிசிலமைன், துத்தநாகம் போன்ற மருந்துகளால் படிப்புக்கும் வேலைக்கும் திரும்புகிறார்கள். மருந்தை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று நிறுத்தியவர்களின் கல்லீரல் திடீரென்று செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. ஆரம்ப வாரங்களில் நடுக்கம் கொஞ்சம் கூடுவதுபோலத் தோன்றலாம், அதைப் பார்த்து நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இது எஸ்எம்ஏ மாதிரி இரண்டு பக்கமும் சேர்ந்தால் வரும் வகை. ஆகவே உங்களுக்கும் தங்கைக்கும் தலா நாலில் ஒன்று வாய்ப்பு இருக்கிறது. தொந்தரவு இல்லை என்பதால் விட்டுவிடக் கூடாது, தாமிரம் சத்தமில்லாமல் கல்லீரலில் பல வருடம் சேரும். ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரத்தின் அளவு, கல்லீரல் டெஸ்ட் ஆகியவற்றைப் பாருங்கள். அப்புறம் கண் டாக்டரிடம் போய், கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் இருக்கிறதா என்று ‘ஸ்லிட் லேம்ப்’ கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். தம்பியின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால் அதை மட்டும் உங்கள் இரண்டு பேருக்கும் பார்த்தால் போதும். இப்போதே கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்தால் தம்பிக்கு வந்த நடுக்கமும் குழறலும் உங்களுக்கு வராமலே தடுத்துவிடலாம்.

அடுத்த முறை தம்பியை மருந்துக்கு அழைத்துப் போகும்போது இரண்டு பேரும் கூடவே போங்கள். சிறுநீர் பிடிக்கிற கேன் முந்தின நாளே வேண்டும், அதை லேபிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.